கேட்லின் ஒஹாஷியின் சிரிப்பு எங்கிருந்து வந்தது?

2019 ஜனவரி 12 அன்று கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த கல்லூரி ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில், யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் கேட்லின் ஒஹாஷி தரைப் பயிற்சியில் பத்துக்குப் பத்து வாங்கினார். அப்போது அவருக்கு 21 வயது. ஒன்றரை நிமிட அளவிலான அந்தக் காணொலியை அடுத்த சில நாட்களில் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒலிம்பிக் வரும்போது மட்டும் ஜிம்னாஸ்டிக்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள்கூட அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள்.

அந்தக் காணொலியில் இரண்டு இடங்கள் என்னை நிறுத்தின. ஆட்டத்தின் நடுவே ஒஹாஷி உயரத் துள்ளி, அந்தரத்திலேயே கால்களை விரித்து, விரித்த கால்களோடு அப்படியே தரையில் வந்து விழுகிறார். பார்க்கிற நமக்கு இடுப்பு வலிக்கிறது. அவரோ விழுந்த வேகத்திலேயே எழும்பி, சிரித்துக்கொண்டே அடுத்த அசைவுக்குப் போய்விடுகிறார். இன்னொரு இடம் அவருக்குப் பின்னால் இருக்கிறது. களத்தின் ஓரத்தில் நிற்கும் அணித் தோழிகள் அவருடைய ஆட்டத்தை அவரோடு சேர்ந்தே ஆடுகிறார்கள். கை எப்போது உயரும், தலை எப்போது திரும்பும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். பயிற்சிக் கூடத்தில் நாள் தவறாமல் கூடவே நின்று பார்த்தவர்களுக்குத்தான் அப்படி வரும்.

காணொலியோடு ஒரு கதையும் பரவியது. ஒலிம்பிக் கனவு கலைந்து, உடலும் மனமும் நொந்து, ஆட்டத்தையே வெறுத்துப்போன ஒரு பெண் மறுபடியும் மகிழ்ச்சியைக் கண்டுபிடித்துவிட்டாள் என்ற கதை. அதில் பொய் இல்லை. ஆனால், மகிழ்ச்சி அந்தப் பெண்ணின் மனதிலிருந்து தானாக ஊறி வந்தது என்று சொல்வதோடு கதை நின்றுவிடுகிறது. அப்படியென்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் மகிழ்ச்சி இல்லாமல் போனதற்கும் அவர் மனம்தான் காரணம் என்று ஆகிவிடும். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒஹாஷி மாறியது உண்மை. அதைவிடப் பெரிய மாற்றம் அவரைச் சுற்றியிருந்த விதிகளில் நடந்தது. எத்தனை மணி நேரம் பயிற்சி, எதற்குப் புள்ளி, யாருக்காக ஆடுவது, தவறி விழுந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் வேறாயின. அந்தச் சிரிப்பு அங்கிருந்துதான் வந்தது என்பது என் வாதம்.

16 வயதுக்குள் உச்சமும் சரிவும்

ஒஹாஷி 1997-ல் சியாட்டிலில் பிறந்தவர். மூன்று வயதிலேயே ஜிம்னாஸ்டிக்ஸ் தொடங்கிவிட்டது. தேர்ந்த பயிற்சியைத் தேடி முதலில் மிசௌரி, பிறகு டெக்சஸ் என்று சிறுவயதிலேயே ஊர் மாற வேண்டியிருந்தது. டெக்சஸில் அவர் சேர்ந்த வோகா பயிற்சி மையம், 2004-ல் கார்லி பேட்டர்சன், 2008-ல் நாஸ்டியா லியூகின் என இரண்டு ஒலிம்பிக் ஒட்டுமொத்தச் சாம்பியன்களை உருவாக்கிய இடம். 2011-ல் ஒஹாஷி அமெரிக்காவின் ஜூனியர் சாம்பியன் ஆனார். 2013 மார்ச்சில், 16 வயது நிறையச் சில வாரங்கள் இருந்தபோது, அமெரிக்கன் கோப்பையை வென்றார். அன்று இரண்டாம் இடத்தில் நின்றவர் சிமோன் பைல்ஸ்.

அதே ஆண்டு அக்டோபரில் பைல்ஸ் உலகச் சாம்பியன் ஆகிவிட்டார். அதன் பிறகு அவர் எங்கே போனார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒஹாஷிக்கு அந்த அமெரிக்கன் கோப்பைதான் ஒலிம்பிக் பாதையின் கடைசி உயரம். தோளில் காயம், அறுவைச் சிகிச்சை, முதுகெலும்பில் முறிவு என்று அடுத்தடுத்து வந்தன. ஒரு கட்டத்தில் அந்தப் பாதையையே விட்டு விலகினார்.

காயங்களை மட்டும் சொன்னால் கதை முழுமையாகாது. 2018-ல் வெளிவந்த ஒரு காணொலியில் அவர் அந்த நாட்களைப் பற்றி மனம் திறந்து பேசினார். பறக்க முடியாத அளவுக்குப் பெருத்துப்போன பறவையோடு தன்னை ஒப்பிட்டார்கள் என்றார். கண்ணாடியில் தன் உடலைப் பார்க்கவே பிடிக்காமல் போனதைச் சொன்னார். காயம் பட்டபோது தனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. ஒரு குழந்தை தன் எலும்பு உடைந்ததை நிம்மதியாக உணர்கிறது என்றால், அந்த எலும்பு உடையும்வரை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வழியே இருந்திருக்கவில்லை. பெற்றோர், பயிற்சியாளர், தேர்வாளர், செலவான பணம், விட்டுவந்த ஊர், விட்டுப்போன பள்ளி எல்லாம் சேர்ந்து அவள் வாயை அடைத்திருந்தன. அவளுக்காகப் பேச மிச்சம் இருந்தது எக்ஸ்ரே படம் மட்டும்தான்.

இதற்குச் சில கடுமையான மனிதர்களை மட்டும் குற்றம்சாட்டுவது எளிது. அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், நிறையவே இருந்தார்கள். ஆனாலும் புள்ளிக் கணக்கே அந்தத் திசையில்தான் எல்லோரையும் தள்ளியது. 2006 முதல் சர்வதேசப் போட்டிகளில் பழைய பத்து இல்லை. ஆட்டத்தின் கடினத்துக்குத் தனியாக ஒரு புள்ளி, செய்த நேர்த்திக்குத் தனியாக ஒரு புள்ளி. நேர்த்திக்குப் பத்து என்ற எல்லை உண்டு. கடினத்துக்கு எல்லையே இல்லை. இன்னொரு சுழற்சியைச் சேர்த்தால் இன்னும் சில புள்ளிகள் கூடும். அந்தச் சுழற்சிக்கு உடல் லேசாக இருக்க வேண்டும், எலும்பு எதையும் தாங்க வேண்டும், பயம் வந்திருக்கக் கூடாது. இதெல்லாம் வாய்க்கும் வயது 14, 15. உடல் வளரத் தொடங்கினால் உடலே எதிரியாகிவிடுகிறது. வளர்கிற ஒரு பெண்ணின் எடையைக் கேலி செய்யும் பயிற்சியாளர் மனதில் இருப்பது இந்தக் கணக்குதான்.

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றாலே சிறுமிகள்தான் என்று நமக்குப் பழகிவிட்டது. அது எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது சோவியத் வீராங்கனை லாரிசா லாட்டினினாவுக்கு 29 வயது. அவர் ஒரு குழந்தைக்குத் தாய். 1968 மெக்சிகோவில் ஒட்டுமொத்தப் பட்டம் வென்ற செக்கோஸ்லோவாகியாவின் வேரா சாஸ்லாவ்ஸ்காவுக்கு 26. எட்டே ஆண்டுகள் கழித்து, 1976 மான்ட்ரியலில் முதல் பத்து வாங்கிய நாடியா கோமனேச்சிக்கு 14. அதற்குப் பிறகு பெண்கள் ஆடிய விளையாட்டு குழந்தைகளிடம் கொடுக்கப்பட்டது. அந்தக் குழந்தைகளை உடன்நின்று காக்க வேண்டியவர்கள் காக்கவில்லை. 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில், அமெரிக்க அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசருக்கு எதிராக 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சாட்சி சொன்னார்கள். பல ஆண்டுகள் யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்ததைச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாதபடி வளர்க்கப்பட்ட குழந்தைகள் எதற்கெல்லாம் இரையாவார்கள் என்பதை அந்த நாட்களில் உலகம் பார்த்தது.

கல்லூரிக் களத்தின் கணக்கு

ஒஹாஷி யுசிஎல்ஏவுக்கு வந்தபோது அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் வேலரி கோண்டோஸ் ஃபீல்ட். மாணவிகளுக்கு ‘மிஸ் வேல்’. அவர் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை அல்ல, பாலே நடனக்காரர். தலைகீழாக ஒரு குட்டிக்கரணம்கூட அடித்துப் பழகாத ஒருவர் நாட்டின் முதல் வரிசை அணியைக் கிட்டத்தட்ட மூன்று பத்தாண்டுகள் நடத்தினார், ஏழு தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார் என்பது இந்த விளையாட்டின் வியப்புகளில் ஒன்று. புதிதாக வந்த ஒஹாஷி, தான் மறுபடியும் பெரிய வீராங்கனையாக விரும்பவில்லை என்று தன்னிடம் சொன்னதாக மிஸ் வேல் பின்னர் ஒரு மேடையில் நினைவுகூர்ந்தார். உயரத்துக்குப் போனபோதுதான் எல்லாம் கெட்டது என்று அந்தப் பெண் முடிவுகட்டி வைத்திருந்தார். அந்தப் பெண்ணை வழிக்குக் கொண்டுவர மிஸ் வேல் மிரட்டவில்லை. ஜிம்னாஸ்டிக்ஸை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பற்றி அவளோடு பேசினார். நம்பிக்கை வரும்வரை பொறுத்திருந்தார்.

மிஸ் வேலின் பொறுமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால், அந்தப் பொறுமைக்கு இடம் கொடுத்தது அவரைச் சுற்றியிருந்த அமைப்பு. ஒலிம்பிக் பாதையில் இருக்கும் ஒரு 14 வயதுச் சிறுமியின் பயிற்சியாளரால் இரண்டு ஆண்டுகள் பொறுத்திருக்க முடியாது. வயது ஓடிவிடும். கல்லூரியில் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி கொடுக்கக் கூடாது. ஒலிம்பிக்கை நோக்கிப் போகும் சிறுமிகள் 30 மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். பலர் பள்ளிக்கே போகாமல் வீட்டிலிருந்து படிக்கிறார்கள். கல்லூரி அணிப் பெண் வகுப்புக்குப் போக வேண்டும், தேர்வு எழுத வேண்டும். ஒஹாஷி படித்தது பாலினவியல்.

புள்ளிக் கணக்கும் வேறு. கல்லூரியில் பத்துதான் உச்சம். தேவையான கடினத்தை எட்டிவிட்டால், அதற்கு மேல் எலும்பை உடைத்துக்கொண்டு சேர்க்கும் சுழற்சிக்கு ஒரு புள்ளியும் கூடாது. சர்வதேசப் போட்டியில் கீழே விழுந்தால் ஒரு முழுப் புள்ளி போகும், கல்லூரியில் அரைப் புள்ளி. தரைப் பயிற்சியில் அங்கே நான்கு முறை ஓடிவந்து புரள்கிறார்கள் என்றால் இங்கே இரண்டு அல்லது மூன்று. மிச்சமாகிற மூச்சு நடனத்துக்குப் போகிறது. ஒஹாஷியின் காணொலியில் நம்மை இழுத்துப் பிடித்தது அந்த மிச்ச மூச்சுதான். கடினத்துக்கு எல்லை போட்டபோது அழகுக்கு இடம் கிடைத்தது.

இதைவிட முக்கியம் அணி. ஒவ்வொரு பிரிவிலும் ஓர் அணியிலிருந்து ஆறு பேர் ஆடுவார்கள், அதில் சிறந்த ஐந்து பேரின் புள்ளிகள் கணக்கில் சேரும். ஒருத்தி தடுமாறினால் மற்ற ஐந்து பேர் தாங்கிக்கொள்ளலாம். தவறுக்கு இடம் விட்டு எழுதப்பட்ட விதி இது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கிட்டத்தட்ட வாரம் ஒரு போட்டி. இந்த வாரம் சொதப்பினால் அடுத்த வாரம் இருக்கிறது. நான்கு ஆண்டு உழைப்பு ஒரே மாலையில் அடித்துக்கொண்டு போகிற பயங்கரம் இங்கே இல்லை.

2018 ஏப்ரலில் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த தேசிய இறுதிப்போட்டியைச் சொல்லாமல் இந்த அணி உணர்வைப் புரியவைக்க முடியாது. ஓக்லஹோமா அணி 198.0375 புள்ளிகளுடன் முன்னால் இருந்தது. யுசிஎல்ஏவின் கடைசிப் பிரிவு பேலன்ஸ் பீம். தரையிலிருந்து நான்கு அடி உயரத்தில், நான்கு அங்குல அகலத்தில் நீண்டு கிடக்கும் கட்டை அது. கடைசியாக ஏறியவர் கனடாவைச் சேர்ந்த பெங்-பெங் லீ. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போயிருக்க வேண்டியவர், முழங்கால் காயத்தால் போகவில்லை. கல்லூரியிலும் முழங்கால் மறுபடி போனது. அன்று அவருக்கு வயது 24. இந்த விளையாட்டில் அது பாட்டி வயது என்பார்கள். சற்று முன் அன்ஈவன் பார்ஸில் பத்து வாங்கியிருந்தவர், இப்போது பீமிலும் பத்து வாங்கினார். யுசிஎல்ஏ 198.0750. வெற்றி வித்தியாசம் 0.0375. தரையிறங்கியதும் மொத்த அணியும் அவர் மேல் விழுந்தது. ஒஹாஷியும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அந்த ஆண்டு தரைப் பயிற்சியில் தேசியப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டதும் அவர்தான். ஆனால் அன்றிரவு பேசப்பட்டது பெங்-பெங்கின் பத்து.

இந்தப் போட்டிகளைப் பார்க்கக் கூட்டமும் வருகிறது. யூட்டா பல்கலைக்கழகத்தில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் பார்க்கப் பத்தாயிரம் பேருக்கு மேல் திரள்வது வழக்கமாகிவிட்டது. ஒலிம்பிக் ஆண்டு என்றெல்லாம் அவர்கள் காத்திருப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலை என்றால் கிளம்பிவிடுகிறார்கள்.

இறங்கிவந்த ஆட்டமா?

கல்லூரி ஜிம்னாஸ்டிக்ஸை மட்டமாகப் பார்க்கும் பழக்கம் இந்த விளையாட்டின் ரசிகர்களிடமே உண்டு. எளிதான ஆட்டம், தாராளமான நடுவர்கள், வாரத்துக்கு நாலு பத்து என்பார்கள். நடுவர்கள் தாராளம் என்பதை நானும் மறுக்கவில்லை. சொந்த ஊர் அரங்கில், ஆர்ப்பரிக்கும் கூட்டத்துக்கு நடுவே, தரையிறங்கும்போது சற்றே நகர்ந்த பாதத்துக்கும் பத்து கிடைத்த ஆட்டங்கள் உண்டு. அதைத் திருத்த வேண்டும். அதற்காக இந்த மேடையே தாழ்ந்தது என்று சொன்னால், கடினம் ஒன்றுதான் விளையாட்டின் அளவுகோல் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த அளவுகோல் என்ன செய்தது என்று மேலே பார்த்தோம்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். கல்லூரியில் ஒஹாஷி சிரித்துக்கொண்டே ஆடியது பன்னிரண்டு வயதில் அழுதுகொண்டே கற்றதைத்தானே? அந்தக் கொடிய பள்ளி இல்லையென்றால் இந்த இனிய மேடை எங்கிருந்து வரும்? கல்லூரி அணிகள் ஒலிம்பிக் பாதையில் அடிபட்டு வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு பேர் வாங்குகின்றன என்ற இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. சாம்பியன் அணிகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் முன்னாள் தேசிய அணிப் பெண்கள் நிறையவே இருப்பார்கள். 2019 யுசிஎல்ஏ அணியிலேயே இரண்டு ஒலிம்பிக் தங்க வீராங்கனைகள் இருந்தார்கள்: 2012-ன் கைலா ராஸ், 2016-ன் மேடிசன் கோசியன். நாசரால் பாதிக்கப்பட்டவர்கள் தாங்கள் என்று இருவரும் 2018-ல் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

ஆனால் அதே பட்டியலில் வேறொரு கூட்டமும் இருக்கிறது. ஒலிம்பிக் பாதைக்குப் போகாமல், ‘லெவல் 10’ எனப்படும் அடுத்த நிலையில் பள்ளிப் படிப்போடு சேர்த்துப் பயின்று வந்தவர்கள்தான் கல்லூரி அணிகளில் பெரும்பாலானோர். 2024-ல் லூசியானாவின் எல்எஸ்யூ அணி முதன்முறையாகத் தேசியப் பட்டம் வென்றபோது அதன் நட்சத்திரமாக இருந்த ஹேலி பிரையன்ட் அந்த வழியில் வந்தவர். ஒட்டுமொத்தப் பட்டமும் அவருக்குத்தான். குழந்தையை நொறுக்காமலும் உயர்ந்த ஆட்டக்காரியை உருவாக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

ஓக்லஹோமாவின் மேகி நிக்கோல்ஸையும் இங்கே நினைக்க வேண்டும். நாசரைப் பற்றி 2015-லேயே அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்புக்குப் புகார் போகக் காரணமானவர் அவர். அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக் அணியில் அவர் பெயர் இல்லை. கல்லூரிக்குப் போனார். 2018, 2019 இரண்டு ஆண்டுகளும் தேசிய ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றார். ஒரு விளையாட்டு தன்னை எப்படி நடத்தியது என்று தெரிந்த பிறகும் அதே விளையாட்டில் நின்று ஜெயித்தவர் அவர். அதற்குக் களம் கொடுத்தது கல்லூரி.

கல்லூரி என்பது ஒலிம்பிக் கனவைப் புதைக்கும் இடம் என்ற எண்ணத்தை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் இந்தியத் தந்தைக்குப் பிறந்த மோஹினி பரத்வாஜ். 1996 ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்காமல் யுசிஎல்ஏவுக்கு வந்தார். மிஸ் வேலிடம் வளர்ந்தார், தேசியப் பட்டங்கள் வென்றார். படிப்பு முடிந்து ஆட்டத்தை விட்ட பிறகு மறுபடி வந்து, 25 வயதில் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் தலைவியாக வெள்ளி வாங்கினார். பயிற்சிக்குப் பணமில்லாமல் அவர் தவித்தபோது நடிகை பமீலா ஆண்டர்சன் 20,000 டாலர் கொடுத்து உதவினார். நம் பத்திரிகைகள் அதிகம் எழுதியிருக்க வேண்டிய பெயர்.

அன்று அவர் ஓர் அதிசயம். இன்று அது வழக்கமாகி வருகிறது. 2024 பாரிஸில் தங்கம் வென்ற அமெரிக்கப் பெண்கள் அணியின் ஐந்து பேரில் சுனி லீ, ஜேட் கேரி, ஜோர்டன் சைல்ஸ் மூவரும் கல்லூரி அணிகளில் ஆடியவர்கள். சைல்ஸுக்கு 23 வயது, கேரிக்கு 24, பைல்ஸுக்கு 27. சுனி லீ ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஆடியபோது சிறுநீரக நோயால் பருவத்தைப் பாதியில் விட்டவர். திரும்பி வந்து பாரிஸில் ஒட்டுமொத்தப் பிரிவில் வெண்கலம் வாங்கினார். கடினத்துக்கு எல்லையில்லாத அதே சர்வதேசக் கணக்கில், உடல் வளர்ந்த பெண்கள், வாரம் ஒரு கல்லூரிப் போட்டி ஆடிய பெண்கள் ஜெயித்தார்கள். 14, 15 வயதுதான் உச்சம் என்று எத்தனையோ குழந்தைகளின் தோளை உடைத்தவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

சிரிப்பில் காசு பார்த்தவர்கள்

கல்லூரி அமைப்பைப் புகழ்ந்துவிட்டு அதன் அநியாயத்தை மறைக்கக் கூடாது. ஒஹாஷியின் காணொலி உலகைச் சுற்றியபோது, அதனால் அவருக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. அன்றிருந்த என்சிஏஏ விதிப்படி கல்லூரி விளையாட்டு வீரர் தன் பெயரையோ படத்தையோ வைத்துச் சம்பாதித்தால் ஆடும் தகுதியை இழப்பார். பல்கலைக்கழகத்துக்குப் புகழ், ஒளிபரப்பாளருக்கு விளம்பரம், சமூக வலைதளங்களுக்குப் பார்வைகள் எல்லாம் கிடைத்தன. ஆடியவருக்குக் கல்வி உதவித்தொகையோடு சரி. பட்டம் முடித்த பிறகு, 2019 அக்டோபரில், நியூயார்க் டைம்ஸில் வெளிவந்த காணொலிக் கட்டுரையில் அவரே இதைக் கேள்வியாக எழுப்பினார்.

இந்த விதி ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்களைத்தான் மற்றவர்களைவிடக் கடுமையாக அடித்தது. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து வீரர்களுக்குக் கல்லூரிக்குப் பிறகு சம்பாதிக்கும் வாழ்க்கை இருக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைக்குச் சந்தை திறந்திருப்பது ஒலிம்பிக் முடிந்த சில மாதங்கள்தான். அந்த மாதங்களில் பணமா, கல்லூரி அணியா என்று 16 வயதில் முடிவெடுக்கச் சொன்னார்கள். 1996 ஒலிம்பிக்கில் காயம்பட்ட காலோடு வால்ட் பாய்ந்த கெர்ரி ஸ்ட்ரக், யுசிஎல்ஏவிலும் ஸ்டான்ஃபோர்டிலும் படித்தார், ஆனால் ஆட முடியவில்லை. 2011 உலகச் சாம்பியன் ஜோர்டின் வீபர் யுசிஎல்ஏ அணியோடு இருந்தார், அணிக்காகப் போட்டியிடும் உரிமை இல்லாமல். யுசிஎல்ஏவில் சேர ஒப்புக்கொண்டிருந்த பைல்ஸ் 2015-ல் பணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

கலிபோர்னியா 2019 செப்டம்பரில் சட்டம் போட்டு வழிகாட்டியது. 2021 ஜூலை 1 முதல் என்சிஏஏவும் இறங்கிவந்தது. சுனி லீ ஒலிம்பிக் சாம்பியனாகவும் கல்லூரி வீராங்கனையாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடிந்தது அதனால்தான். தாமதமாக வந்த நியாயம், ஆனாலும் நியாயம். பணம் வந்த வழியில் வேறு தொல்லைகளும் வந்தன. எல்எஸ்யூவின் ஒலிவியா டன் சமூக வலைதளங்களில் பெரும் வருவாய் ஈட்டினார். 2023 ஜனவரியில் யூட்டாவில் நடந்த போட்டியில் அவரைப் பார்க்க வந்த இளைஞர் கூட்டம் போட்ட கூச்சலில், மற்றவர்களால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. எல்எஸ்யூ பாதுகாப்பு ஏற்பாடுகளை மாற்ற வேண்டி வந்தது. அந்தக் கூச்சலுக்கு டன்னைப் பொறுப்பாக்கியவர்கள் இருக்கிறார்கள். கூச்சல் போட்டவர்களை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைச் சாடுவது கோழைத்தனம்.

இப்போது இன்னொரு கவலை. 2025 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தப்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்குச் சுமார் இரண்டு கோடி டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம். அதில் பெரும்பகுதி கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. அந்தப் பணத்துக்காக எங்கே கை வைப்பார்கள் என்பது பழைய அனுபவத்திலிருந்தே தெரியும். ஒரு காலத்தில் நாடெங்கும் இருந்த ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிகள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. பெண்கள் அணிகள் நிற்பதற்கு, கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ன் டைட்டில் நைன் சட்டம் முட்டுக்கொடுக்கிறது. அந்த ஆதரவை யாரும் அசைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயதும் நேரமும்

செய்ய வேண்டியவை பெரிய ரகசியங்கள் அல்ல. சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் விதிப்படி மூத்தோர் பிரிவில் ஆட ஆண்களுக்கு 18 வயது ஆக வேண்டும், பெண்களுக்கு 16 போதும். ஆணின் உடல் வளரும்வரை காத்திருக்கிறது கூட்டமைப்பு. பெண்ணின் உடல் வளர்வதற்குள் அவசரப்படுகிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 15 வயது ரஷ்ய ஸ்கேட்டிங் சிறுமி ஒருத்தி ஊக்கமருந்துச் சர்ச்சையில் சிக்கி உலகத்தின் கண்முன் நொறுங்கிப்போனாள். அதே ஆண்டு சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம் குறைந்தபட்ச வயதைப் படிப்படியாக 17 ஆக்க முடிவெடுத்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு பெண்களுக்கும் 18 என்று மாற்ற இன்னொரு சிறுமி நொறுங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வயதை உயர்த்தினால் மட்டும் போதாது என்பதும் உண்மை. ஒஹாஷி அழுதுகொண்டே கற்றது மூத்தோர் பிரிவுக்கு வருவதற்கு முன்பே. 16 என்பதை 18 ஆக்கிவிட்டு, ஜூனியர்களை அதே கடினத்தோடு ஆட விட்டால் கொடுமை இன்னும் இரண்டு ஆண்டு நீளும், அவ்வளவுதான். ஜூனியர் பிரிவில் கடினப் புள்ளிக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும், கல்லூரிகள் பத்தோடு நிறுத்திக்கொண்டதுபோல. குழந்தைகளின் பயிற்சி நேரத்துக்கும் வரம்பு வேண்டும். 20 வயது கல்லூரி மாணவிக்கு வாரம் 20 மணி நேரம் என்று விதி எழுதி வைத்திருக்கும் நாட்டில், தனியார் மையத்தில் பயிலும் 11 வயதுக் குழந்தைக்கு அப்படி ஒரு கட்டாய வரம்பு இல்லை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு அந்த ஒரு விதியை எழுதினாலே, அடுத்த ஒலிம்பிக் சுழற்சிக்குள் பல குழந்தைகள் பள்ளிக்குத் திரும்ப முடியும்.